தொலைவும் அண்மையும்: வெளிநாட்டுப் பயண நகைச்சுவைப் படங்களில் மொழிமாற்றம்

1. முன்னுரை

ஒருவருக்கொருவர் பொருந்தாத சிலர் அயல்நாட்டில் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்வதும், பூசலிலோ கூச்சத்திலோ தொடங்கிய பழக்கம் அன்பில் முடிவதும் திரைப்பட உலகம் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் கதையமைப்பாகும். வில்லியம் வைலர் இயக்கி 1953இல் வெளிவந்த 'ரோமன் ஹாலிடே' இவ்வகைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. அதில் ஓர் இளவரசியும் ஒரு செய்தியாளரும் உரோம் நகரைச் சுற்றி வருகின்றனர். இத்தகைய படங்களில் பொருத்தமின்மை என்பது குடிப்பிறப்பு, செல்வம், வயது, குணம் எனப் பல அடிப்படைகளில் அமையலாம். மொழிப் பொருத்தமின்மையும் அவற்றுள் ஒன்று. ஏனையவற்றுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. செல்வனும் வறியவனும் எந்த மொழியில் பேசினாலும் செல்வனும் வறியவனுமாகவே இருப்பர். ஆனால் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதிருப்பதே கதைக்கு அடிப்படை என்றால், படத்தை வேறு மொழிக்கு மாற்றும்போது அந்த அடிப்படையே மாறிவிடக் கூடும்.

இச்சிக்கலை ஒரு குறிப்பிட்ட படத்தின் வழியாக விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். கௌரி ஷிண்டே எழுதி இயக்கி, 2012 அக்டோபர் 5 அன்று இந்தியில் வெளிவந்த 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' என்னும் படம் தமிழிலும் தெலுங்கிலும் மொழிமாற்றம் பெற்று உடன் வெளியிடப்பட்டது. மொழி அறியாமையையே கதைப்பொருளாகக் கொண்ட ஒரு படம் மொழிமாற்றம் பெறுகிறபோது எவை கடந்து செல்கின்றன, எவை தடைப்படுகின்றன என்பது இங்கு ஆராயப்படுகிறது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகியவை அன்றாடம் கலந்து ஒலிக்கும் பெங்களூர் நகரம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகக் கொள்ளப்படுகிறது. தொலைவிலுள்ள மொழிகளுக்கு இடையே எழும் நகைச்சுவை மொழிமாற்றத்தில் பெரும்பாலும் சிதையாமல் செல்கிறது. அண்டை மொழிகளுக்கு இடையே எழும் நகைச்சுவையே சிதைகிறது என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

இக்கட்டுரையில் 'மொழிமாற்றம்' என்பது டப்பிங் முறையையும், 'துணையுரை' என்பது திரையின் அடியில் எழுத்தாகத் தோன்றும் மொழிபெயர்ப்பையும் குறிக்கும்.

2. மொழித்தடை இல்லாத பயணங்கள்

தென்னிந்தியத் திரைப்படங்களில் வெளிநாட்டுப் பயணம் 1970களின் இறுதியில் பெருவழக்காயிற்று. இதில் பெங்களூருக்குத் தனிப்பங்கு உண்டு. 1978இல் வெளிவந்த 'சிங்காப்பூரினல்லி ராஜா குள்ள' என்னும் கன்னடப் படம் வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முதற் கன்னடப் படமாகும். துவாரகீஷ் தயாரித்த இப்படத்தைத் தமிழ்த் திரையுலகில் பெயர்பெற்ற சி. வி. ராஜேந்திரன் இயக்கினார். உயரமான விஷ்ணுவர்தனையும் குள்ளமான துவாரகீஷையும் இணைத்ததே படத்தின் நகைச்சுவைக்கு அடித்தளம். தலைப்பின் இறுதிச் சொல் தமிழின் 'குள்ளன்' என்பதோடு ஓரினமானது; 'அல்லி' என்பது தமிழின் 'இல்' உருபுக்கு நிகரான இடப்பொருள் உருபு. ஆகவே தமிழர் ஒருவர் இத்தலைப்பை மொழிபெயர்ப்பின்றியே புரிந்துகொள்ள இயலும்.

அதே காலத்தில் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதாவின் 'பிரியா' என்னும் புதினம், எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஒருசேரப் படமாக்கப்பட்டது. ரஜினிகாந்த், ஸ்ரீதேவி, அம்பரீஷ் ஆகியோரோடு மலேசிய நடிகை அஸ்னா ஹமீதும் நடித்த இப்படம் பெரும்பாலும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது. சுஜாதாவின் கதையைக் கொண்டு கே. பாலசந்தர் இயக்கி 1979இல் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' ஓர் இசைக்குழுவின் சிங்கப்பூர்ப் பயணத்தைக் காட்டியது. அது தெலுங்கில் 'அந்தமைன அனுபவம்' என உடன் உருவானது.

இப்படங்களை மொழியியல் நோக்கில் காணும்போது ஒரு பொதுக்கூறு புலப்படுகிறது. இவற்றில் வெளிநாடு காட்சிப் பின்புலமாக அமைகிறதேயன்றி மொழிச்சூழலாக அமைவதில்லை. இத்தகைய படங்களில் அயலவரும் பொதுவாகப் படத்தின் மொழியையே பேசுவர். அல்லது சுருக்கமான ஆங்கிலத்தோடு நின்றுவிடுவர். தமிழை ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் இம்மரபுக்கு இயல்பாகவே இடங்கொடுத்தது எனலாம். மொழி கதைக்குள் ஒரு பொருளாக நுழையாததால், ஒரே கதையை இரு மொழிகளில் எடுப்பதும் எளிதாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் இந்நிலை மாறியது.

3. 'இங்கிலிஷ் விங்கிலிஷ்': கதையின் மொழிநிலை

சசி கோட்போலே ஆங்கிலம் சரளமாகப் பேசவறியாத இல்லத்தரசி. இலட்டு செய்து விற்றுச் சிறு வருவாய் ஈட்டுபவர். ஆங்கிலம் அறிந்த கணவராலும் மகளாலும் வீட்டிலேயே எள்ளலுக்கு உள்ளாகிறார். அக்கை மகளின் திருமணத்திற்காக நியூயார்க் நகருக்குத் தனியே செல்ல நேர்கிறது. அங்கு ஓர் உணவகத்தில் உணவு கேட்டு வாங்க இயலாமல் அவமானப்படுகிறார். பின்னர் நான்கு வாரங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பொன்றில் வீட்டாருக்குத் தெரியாமல் சேர்கிறார். உடன் பயில்வோர் ஒருவரோடொருவர் சற்றும் பொருந்தாதவர்கள்: பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் லோரான், மெக்சிகோவைச் சேர்ந்த குழந்தைத் தாதி, சீன அழகுக்கலைப் பெண், பாகிஸ்தானைச் சேர்ந்த வாடகைக் கார் ஓட்டுநர் சல்மான் கான், தமிழ்க் கணிப்பொறியாளர் இராமமூர்த்தி முதலியோர். லோரான் சசியிடம் காதல் கொள்கிறார். அக்காதல் நிறைவேறுவதில்லை, ஆனால் அது சசிக்கு இழந்த தன்மதிப்பை மீட்டுத் தருகிறது.

உணவகக் காட்சி மொழியியலாரின் சிறப்புக் கவனத்திற்கு உரியது. சசி அங்குத் தோற்பது இலக்கண அறியாமையால் மட்டும் அன்று. பணியாளரின் பேச்சு விரைவும், குடிநீர் முதல் காப்பி வரை ஒவ்வொன்றிலும் வகை கேட்கும் வழக்கமும், பின்னால் நிற்போரின் பொறுமையின்மையும் சேர்ந்தே அவரைத் தடுமாறச் செய்கின்றன. கருத்தாடல் மரபை அறியாத எவரும், அம்மொழியின் இலக்கணத்தை அறிந்திருந்தாலும், அவ்விடத்தில் தடுமாறுவர்.

சசியாக நடித்தவரின் மொழி வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. சிவகாசி அருகே பிறந்த ஸ்ரீதேவி தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிப் படங்களில் வளர்ந்தவர். இந்திப் படங்களில் தொடக்கத்தில் அவருக்குப் பிறர் குரல் கொடுத்தனர். 1986இல் வெளிவந்த 'ஆக்ரீ ராஸ்தா' படத்தில் அவருக்காகப் பேசியவர் நடிகை ரேகா. 'சாந்தினி' (1989) படத்தில்தான் இந்தியில் முதன்முதலாகத் தம் குரலிலேயே பேசினார். ஒரு மொழியின் வாயிலில் நெடுநாள் நிறுத்தப்பட்ட நடிகை, வேறொரு மொழியின் வாயிலில் நிற்கும் பெண்ணாக நடித்தார் என்பது தற்செயலே ஆயினும் பொருள் நிறைந்தது.

இன்னுமொரு செய்தி. கோட்போலே என்பது மராத்தியக் குடும்பப் பெயர். அக்குடும்பம் பெரும்பாலும் இந்தியில் பேசுவதாகக் காட்டுவதும் ஒருவகையில் மொழிபெயர்ப்பே. எனவே மொழிமாற்றத்திற்கு முன்பே இப்படத்தின் மூலமொழி ஒரு மாற்றத்திற்கு உட்பட்டிருந்தது எனலாம்.

4. தலைப்பில் எதிரொலிச் சொல்

மொழிமாற்றத்தின் முதற்சிக்கல் தலைப்பிலேயே தோன்றிவிடுகிறது. 'விங்கிலிஷ்' என்பது பொருளுடைய தனிச்சொல் அன்று; எதிரொலிச் சொல். ஒரு சொல்லின் முதலெழுத்தை மாற்றி அதனோடு இணைத்துச் சொல்வதால் 'அதுவும் அது போன்றவையும்' என்னும் பொருளும், சிறிது அலட்சியமும் தோன்றும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான கூறு இது. எமனோ 1938இலேயே திராவிட நாட்டுப்புறக் கதைகளில் எதிரொலிச் சொல் பெறும் இடத்தை ஆராய்ந்துள்ளார்.

அமைப்பு பொதுவாயினும் ஒலி மொழிக்கு மொழி வேறுபடுகிறது. இந்தி முதல் மெய்யை வகரமாக்கி உயிரை அப்படியே வைத்துக்கொள்கிறது: 'சாய் வாய்', 'பானீ வானீ'. மராத்தியில் பகரத்தின் ஒலிப்புடை வடிவம் வருகிறது. தமிழில் முதலசை முழுவதும் மாறிக் குறிலுக்குக் 'கி'யும் நெடிலுக்குக் 'கீ'யும் வருகின்றன: 'பணம் கிணம்', 'பாம்பு கீம்பு'. கன்னடமும் தெலுங்கும் ஒலிப்புடைக் ககரத்தை ஆள்கின்றன. கன்னடத்தில் புலியைக் குறிக்கும் 'ஹுலி' என்பது 'ஹுலி கிலி' என்றாகும்.

இவ்விதிப்படி தமிழர் வாயில் இயல்பாக வரக்கூடியது 'இங்கிலீஷ் கிங்கிலீஷ்' என்பதே. சொல் இகரத்தில் தொடங்குவதால் இந்திக்கும் தமிழுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடு ஒரே ஒரு மெய்தான். ஆயினும் தமிழ்ப் பதிப்பு இந்தியின் வகரத்தையே தலைப்பில் வைத்துக்கொண்டது. வணிகப் பெயராக நிலைத்துவிட்ட தலைப்பை மாற்றாமை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் விளைவு கருதத்தக்கது. இந்தி கேட்பவருக்குத் தலைப்பு தம் வீட்டுப் பேச்சாக ஒலிக்கிறது. ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் ஒருவர் அதை மெல்லக் கிண்டல் செய்வதை அவர் உணர்கிறார். தமிழ் கேட்பவர் அமைப்பைப் புரிந்துகொள்கிறார். எனினும் அது பிறர் வீட்டுப் பேச்சாகவே ஒலிக்கிறது. அண்மையில் உள்ள ஒன்று, அண்மையாலேயே முழுமையாகத் தமதாகாமல் நிற்பதற்கு இது முதற்சான்று.

5. தொலைமொழி: சேதமின்றிக் கடப்பவை

படத்தின் காதற்பகுதியில் சசியும் லோரானும் தத்தம் மொழியில் உரையாடும் இடங்கள் உள்ளன. அவர் பிரெஞ்சில் பேசுகிறார். இவர் இந்தியில் பேசுகிறார். ஒருவர் சொற்களை மற்றவர் அறியார். ஆனால் இருவரும் நெஞ்சிலுள்ளதைச் சொல்லிவிடுகின்றனர். புரியாது என்னும் உறுதியே அங்குப் பேச்சுக்கு உரிமை தருகிறது.

இக்காட்சியில் இந்திக்கு மாற்றாகத் தமிழையோ தெலுங்கையோ வைத்தால் எதுவும் குறைவதில்லை. பிரெஞ்சுக்கும் இந்திக்கும் உள்ள தொலைவு எவ்வளவோ, பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் உள்ள தொலைவும் நடைமுறையில் அவ்வளவே. வரலாற்று மொழியியலார் பிரெஞ்சும் இந்தியும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை எனச் சுட்டுவர். ஆனால் கேட்பவரின் செவிக்கு அவ்வுறவு எட்டுவதில்லை. காட்சிக்குத் தேவைப்படுவது புரியாமை. அது எல்லா மொழியிலும் ஒரே அளவில் கிடைக்கிறது.

வகுப்பறையில் எழும் இலக்கண ஐயமும் இத்தகையதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெயருக்கு முன் 'தி' என்னும் சுட்டு வருகிறது. இந்தியாவின் பெயருக்கு முன் அது ஏன் வருவதில்லை என்பது அவ்வையம். இந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்தில் உள்ளது போன்ற சார்பெழுத்துச் சுட்டு இல்லை. ஆகவே இவ்வினாவின் அப்பாவித்தனமும் கூர்மையும் எந்த மொழிப் பதிப்பிலும் குறையாமல் நிற்கும். இந்திய மொழிகள் யாவற்றுக்கும் ஆங்கிலம் ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்பதால், ஆங்கிலத்தை நோக்கிய நகைச்சுவை மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை தருவதில்லை.

6. அண்மை மொழி: தலைகீழாகும் உறவுகள்

வகுப்பில் உள்ள இருவர் நிலை இதற்கு நேர்மாறானது. மூலத்தில் சல்மான் கானும் சசியும் பேச்சளவில் ஒருமொழியர். உருதும் இந்தியும் எழுத்திலும் உயர்நிலைச் சொற்களிலும் பிரிந்தாலும் அன்றாடப் பேச்சில் ஒன்றே. நாட்டு எல்லை பிரித்த இருவரை மொழி இணைக்கிறது. மாறாக, இராமமூர்த்தியும் சசியும் ஒரே நாட்டவர். ஆயினும் அவர் தாய்மொழி வேறு. அவரது தமிழ்நாட்டு உச்சரிப்பு இந்தி கேட்பவருக்கு அவரை அடையாளம் காட்டும் குறி. எல்லைக்கு அப்பாலுள்ளவர் மொழியால் உறவினர், எல்லைக்கு உள்ளே இருப்பவர் மொழியால் அயலார் என்னும் நுட்பமான முரண் இங்கு வெளிப்படையாகச் சொல்லப்படாமலே அமைந்துள்ளது.

சசி தமிழ் பேசத் தொடங்கிய உடனே இம்முரண் தலைகீழாகிறது. கதையின் தருக்கப்படி, இனி இராமமூர்த்தியே அவருக்கு ஒருமொழியர். இருவரும் தமிழர் என்றால் அயல்நாட்டு வகுப்பில் சந்தித்ததும் தமிழில் பேசிக்கொள்வதே இயல்பு. இராமமூர்த்தியின் உச்சரிப்பும் அடையாளக் குறியாக இயங்காது. ஏனெனில் கேட்பவர் எல்லோரும் அவ்வாறே பேசுபவர். சல்மான் கானோ சசியோடு பேசுவதற்குப் பொதுமொழியே இல்லாதவராகிறார். மொழிமாற்றம் ஒவ்வொரு வாக்கியத்தையும் சரியாகப் பெயர்த்தாலும், ஆட்களுக்கு இடையிலான மொழி உறவைப் பெயர்க்கத் தவறிவிடும் இடம் இதுவே.

கேட்ஃபர்டு 1965இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு நூலில் வட்டார வழக்கை மொழிபெயர்ப்பது பற்றிக் கூறிய கருத்து இங்குத் துணைபுரியும். மூலத்தில் உள்ள வழக்கு நிலப்படத்தில் எங்கு உள்ளது என்பதைவிட, அச்சமூகத்தில் எத்தகைய இடம் பெற்றுள்ளது என்பதே நிகரியைத் தேர்வதற்கு அடிப்படை என்பது அவர் கருத்தின் சாரம். இதைப் பின்பற்றினால், இந்திப் படத்தில் தமிழருக்குள்ள இடத்தைத் தமிழ்ப் படத்தில் யாருக்கு அளிப்பது என்பதே வினாவாகும். இராமமூர்த்தி என்னும் பெயர் தமிழருக்கு மட்டும் உரியதன்று; தெலுங்கரும் கன்னடரும் இடும் பெயரே. ஆகவே தமிழ்ப் பதிப்பில் அவரைத் தெலுங்கராகவோ கன்னடராகவோ ஒலிக்கச் செய்வது உரையாடல் எழுதுபவருக்கு இயலும் செயலே. சல்மான் கான் பாத்திரத்தில் இவ்வுரிமை இல்லை. நாடும் பெயரும் அவரை ஓரிடத்தில் நிறுத்திவிடுகின்றன.

7. பிழையும் முன்னிலைப் பெயரும்

ஒரு மொழியைப் பிழையாகப் பேசுவதும் பேசுபவரின் தாய்மொழி வகுத்த விதிப்படியே நிகழ்கிறது. சசி ஒருவகை நடனத்தின் ஆங்கிலப் பெயரை 'ஜ்ஹாஸ்' என்பது போல மூச்சொலி சேர்த்து உச்சரிக்கிறார், வீட்டார் சிரிக்கின்றனர். மூச்சொலி இந்தியில் பொருள் வேறுபடுத்தும் ஒலியன் கூறு. தமிழில் அது இல்லை. தமிழர் எழுதுவதும் சொல்வதும் 'ஜாஸ்' என்பதே. அதில் எவரும் பிழை காண்பதில்லை. ஆகவே அதே பிழையைத் தமிழ்ச் சசியின் வாயில் வைக்க முடியாது. தமிழ்ச் சமூகத்தில் நகைப்புக்கு உள்ளாக்கும் ஒலி வேறுபாடுகள் வேறு. ஜகரத்தைச் சகரமாக ஒலிப்பது ஒன்று. பகரத்தையும் ஃபகரத்தையும் மாற்றி ஒலிப்பது மற்றொன்று. ஒலியால் நிகரான பிழையைத் தேடுவதைவிட, கேட்டவுடன் அதே அளவு சிரிப்பையும் அதே அளவு வலியையும் தரும் பிழையைத் தேடுவதே முறையாகும்.

முன்னிலைப் பெயர்கள் இன்னும் நுண்மையானவை. பிரௌனும் கில்மனும் 1960இல் எழுதிய கட்டுரை, முன்னிலைப் பெயர்த் தேர்வில் அதிகாரமும் ஒட்டுறவும் வெளிப்படுவதை விளக்கியது. இந்தியில் 'தூ, தும், ஆப்' என மூன்று நிலைகள், தமிழில் இன்றைய பொதுப்பேச்சில் 'நீ, நீங்கள்' என இரண்டு, கன்னடத்தில் 'நீனு, நீவு' என இரண்டு, பிரெஞ்சிலும் இரண்டே. மூன்றை இரண்டில் அடக்கும்போது இடைநிலை இழக்கப்படுகிறது. கணவர் மனைவியை நடுநிலையில் விளிப்பதும், தாழ்நிலையில் விளிப்பதும் தமிழில் ஒரே 'நீ' ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே. படத்தின் இறுதியில், திருமண விருந்தில் பேச அழைக்கப்படும் சசியை ஆங்கிலம் அறியாதவர் எனக் காரணம் காட்டிக் காக்க முனைகிறார் கணவர். சசி அதை மறுத்து, எளிய ஆங்கிலத்தில் தாமே பேசுகிறார். திருமணம் என்பது நிகரான இருவரின் நட்பு என்பது அப்பேச்சின் மையக் கருத்து. நீ, நீங்கள் என்னும் ஏற்றத்தாழ்வு இல்லாத முன்னிலைப் பெயரைக் கொண்டு அவர் நிகர்நிலையைப் பேசுகிறார் என்பது மொழியியலாருக்குப் புலனாகும் நயம். தம்மை இழிவுபடுத்திய மொழியின் ஓர் இலக்கணக் கூறே அவருக்குத் துணை நிற்கிறது. ஆங்கிலப் பேச்சு ஆங்கிலமாகவே நின்றால் இந்நயம் எல்லாப் பதிப்புகளிலும் வாழும். பெறுமொழிக்கு மாற்றினால் மறையும்.

8. பெங்களூரும் கன்னடமும்

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவே. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் அடுத்த நிலைகளில் உள்ளனர். இந்நகரில் பலரும் பிறர் மொழியை ஓரளவு புரிந்துகொள்பவர்கள். ஆகவே மேலே சுட்டிய விரிசல்களை மிக எளிதாக உணரக்கூடியவர்களும் இவர்களே. சென்னையில் தமிழ்ப் பதிப்பைக் காண்பவர், சசியும் இராமமூர்த்தியும் ஏன் ஆங்கிலத்தை இணைப்புமொழியாகக் கொள்கின்றனர் என்பதைப் படத்தின் வழக்கமாக எண்ணி ஏற்கக் கூடும். பேருந்திலும் கடையிலும் நாள்தோறும் மொழி தாவிப் பேசும் பெங்களூர்வாசிக்கு அது உறுத்தும்.

இந்நகரத்தின் முதன்மை மொழியில் இப்படம் 2012இல் வெளிவரவில்லை. கன்னடத்தில் மொழிமாற்றப் படங்களை வெளியிடுவதில்லை என்னும் எழுதப்படாத தடை 1960களிலிருந்து நிலவியதே அதற்குக் காரணம். பெரிய திரையுலகங்களின் படங்கள் கன்னடத்தில் மாற்றப்பட்டு வந்தால் கன்னடக் கலைஞர்களின் வாழ்வும், வளர்ந்துவரும் கன்னடத் திரையுலகமும் நலியும் என்னும் அச்சம் அத்தடைக்கு அடிப்படை. அக்கால நிலையில் அவ்வச்சம் பொருளற்றதன்று. உலகின் நல்ல படைப்புகளைத் தாய்மொழியில் காணும் உரிமை கன்னடருக்கு மறுக்கப்படுகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். கன்னட நுகர்வோர் அமைப்பொன்றின் முறையீட்டின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2015 ஜூலையில் இத்தடைக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. அஜித்குமார் நடித்த 'என்னை அறிந்தால்' என்னும் தமிழ்ப் படம் 2017 மார்ச்சில் 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' என்னும் பெயரில் கன்னடத்தில் வெளிவந்து தடையைத் தாண்டியது. 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' இந்தி மூலத்தில், விமானத்தில் சசிக்குத் துணிவூட்டும் சக பயணியாக அமிதாப் பச்சன் தோன்றினார். தமிழ்ப் பதிப்பில் அவ்விடத்தில் தோன்றியவரும் அஜித்குமாரே.

ஆகவே 2012இல், சசியைப் போலவே ஆங்கிலம் அறியாத ஒரு கன்னட இல்லத்தரசி, சசியின் கதையைப் பிறிதொரு மொழியிலேயே காண முடிந்தது. மொழி அறியாதவரின் மதிப்பைப் பேசிய படத்தை மொழி அறியாதவராகவே காணும் நிலை அது. கலைஞர் நலனும் காண்போர் உரிமையும் மோதிக்கொண்ட இவ்வழக்கில், இழப்பு எவரைச் சேர்ந்தது என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக்குகிறது.

கன்னடப் பதிப்பு ஒன்று உருவாகியிருந்தால் அது மொழியியல் நோக்கில் சிறப்புடையதாக அமைந்திருக்கும். கன்னடச் சசியும் தமிழ் இராமமூர்த்தியும் ஒருவரையொருவர் பாதி புரிந்துகொள்ளும் அண்டை வீட்டார். பால் 'ஹாலு' ஆவதும், புலி 'ஹுலி' ஆவதும், வா என்பது 'பா' ஆவதும் இருவருக்கும் பழகிய ஒலிமாற்றங்கள். இப்பாதிப் புரிதல் மூலத்தில் இல்லாத புது நகைச்சுவைக்கு இடம் தரும். போலி ஒப்புமைச் சொற்களும் அங்கு வாய்க்கும். தமிழில் விரைவைக் குறிக்கும் 'அவசரம்' தெலுங்கில் தேவையைக் குறிக்கும். இந்தியில் கல்வியைக் குறிக்கும் 'சிக்ஷா' என்னும் வடசொல் கன்னடத்தில் 'சிக்ஷே' எனத் தண்டனையைக் குறிக்கும். வயதுவந்தபின் மொழிப்பாடம் கற்க நேர்ந்த எவரும் இவ்விரு பொருளையும் எளிதில் ஒப்புவர்.

9. மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படும் முடிவுகள்

இவ்வாய்வின் அடிப்படையில் சில நடைமுறை நெறிகளை வகுக்கலாம்.

(அ) உரையாடலைப் பெயர்க்கத் தொடங்குமுன், பாத்திரங்களுக்கு இடையிலான மொழி உறவுகளை ஓர் அட்டவணையாக அமைத்துக்கொள்ள வேண்டும். யார் யாரோடு ஒருமொழியர், யாருக்கு இடையே இணைப்புமொழி தேவை என்பவை அதில் இடம்பெற வேண்டும். பெறுமொழியை இட்டபின் எவ்வுறவு மாறுகிறது என்பதை அடுத்துக் காண வேண்டும்.

(ஆ) மூன்றாம் மொழி, அதாவது மூலமொழியும் பெறுமொழியும் அல்லாத மொழி, ஒலியில் மாற்றப்படாமல் நிற்பது நன்று. தேவையான இடத்தில் துணையுரை போதும்.

(இ) அண்டைமொழிப் பாத்திரத்தை, பெயரும் காட்சியும் இடந்தருமாயின், பெறுமொழியின் அண்டைமொழிக்கு நகர்த்தலாம். இடந்தராவிடின் உறவு மாற்றத்தை ஓரிரு சொற்களால் உரையாடலிலேயே ஏற்கச் செய்யலாம்.

(ஈ) உச்சரிப்புப் பிழைக்கு ஒலி நிகரியைத் தேடாமல் சமூக நிகரியைத் தேட வேண்டும்.

(உ) முன்னிலைப் பெயரை வாக்கியந்தோறும் தீர்மானிக்காமல், பாத்திர இணைகள் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே தீர்மானித்து, அது மாறும் இடத்தைக் கதையின் திருப்பத்தோடு பொருத்த வேண்டும்.

10. முடிவுரை

மொழிபெயர்ப்பின் அருமை மொழிகளுக்கு இடையிலான தொலைவைப் பொறுத்தது என்பது பொதுவான எண்ணம். தொலைமொழியிலிருந்து பெயர்ப்பது கடினம், அண்டைமொழியிலிருந்து பெயர்ப்பது எளிது என்று கருதுவர். வாக்கிய அளவில் இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் மொழிகளுக்கு இடையிலான உறவே பொருளாக அமையும் படைப்புகளில் நிலை மாறுகிறது. பிரெஞ்சு பேசுபவரின் காதல் எம்மொழிப் பதிப்பிலும் தடையின்றிச் செல்கிறது. பக்கத்து இருக்கையில் அமர்ந்த தமிழ்க் கணிப்பொறியாளரே மொழிபெயர்ப்பாளரைத் திணறச் செய்கிறார்.

படத்தின் முடிவில், நாடு திரும்பும் விமானத்தில், சசி பணிப்பெண்ணிடம் தடுமாற்றமின்றி ஆங்கிலத்தில் கேட்பது ஓர் இந்திச் செய்தித்தாள். பிறமொழியைக் கற்றது தம் மொழிக்கு நிமிர்ந்த நிலையில் திரும்புவதற்கே என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. இக்காட்சியில் செய்தித்தாளின் மொழி காண்போரின் மொழியாக இருந்தால்தான் பொருள் முழுமை பெறும். தமிழருக்குத் தமிழ், தெலுங்கருக்குத் தெலுங்கு, கன்னடருக்குக் கன்னடம் என அவ்விடத்தில் நிற்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். அவ்வொரு சொல்லைச் சரியாக இடுவதற்கு, படம் முழுவதிலும் யார் மொழி யாருக்கு எத்தனை தொலைவு என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்க வேண்டும்.